கட்ட முடியாத மாதத்தை வைத்து ஒரு கணக்கு

எங்கள் வீட்டில் மாதம் 6,000 ரூபாய் மிச்சப்படத் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. மிச்சம் பிடிப்பதற்குப் பட்ட பாட்டைவிட, அந்தத் தொகையை எங்கே போடுவது என்று முடிவு செய்யப் பட்ட பாடுதான் அதிகம். மாமியார் ஏலச்சீட்டு என்றார். என் அம்மா நகைச் சீட்டு என்றார். நான் அஞ்சலகத்தின் பக்கம் சாய்ந்திருந்தேன். கணவரோ, எதிலும் போடாமல் கையிலேயே இருக்கட்டும் என்ற எண்ணத்தில் இருந்தார். மூன்று மாதம் நீண்ட அந்தப் பேச்சின்போது நான் போட்டுப் பார்த்த கணக்குகளை, எங்களைப் போலச் சிறு குழந்தையோடும் ஏறி இறங்கும் வருமானத்தோடும் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வரவைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஒப்பீடு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. சேலத்தில் கன்னங்குறிச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு மூன்று வயது. கணவர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிறார். கூலி எடைக் கணக்கில் வருகிறது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களிலும் கல்யாண முகூர்த்தங்கள் நெருங்கும் காலத்திலும் 25,000 ரூபாய் வரை கிடைக்கும். வெள்ளி விலை திடீரென்று ஏறினால் வெளிமாநில வியாபாரிகள் ஆர்டரை நிறுத்தி வைத்துவிடுவார்கள். பட்டறையில் மூன்று நாள் வேலை, மூன்று நாள் சும்மா என்றாகிவிடும். அந்த மாதம் 12,000 வந்தாலே பெரிது. நான் லீ பஜாரில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். என் சம்பளம் 14,000. அது மட்டும் ஐந்தாம் தேதிக்குள் தவறாமல் வந்துவிடும்.

6,000 எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். சிக்கனம் என்றதும் எல்லோரும் டீக்கடையை ஏன் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கியதே இல்லை. எங்கள் வீட்டில் பெரிய தொகை மிச்சமானது, கணவரின் இரு சக்கர வண்டித் தவணை முடிந்ததால்தான். அந்த 3,200 ரூபாயை வேறு செலவு எதுவும் வந்து பிடித்துக்கொள்வதற்குள் நாங்கள் பிடித்துக்கொண்டோம். மகளிர் உரிமைத்தொகையாக வரும் 1,000 ரூபாயைத் தொடாமல் வைத்தோம். மீதி 1,800, பருப்பும் எண்ணெயும் நான் வேலை செய்யும் கடையிலேயே மொத்த விலையில் வாங்குவது, ஞாயிறு காலையில் அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்குப் போய் ஒரு வாரத்துக்கான காயை எடுத்து வருவது, 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் என் போக்குவரத்துச் செலவு நின்றது என்று பலவாறாகச் சேர்ந்தது.

சேமிப்புத் திட்டங்களை ஒப்பிடுபவர்கள் பொதுவாக வட்டியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மாதச் சம்பளக்காரர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஆண்டில் குறைந்தது இரண்டு மாதமாவது தவணை கட்ட முடியாமல் போகும் என்று முன்கூட்டியே தெரிந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு, கட்ட முடியாத அந்த மாதத்தில் ஒரு திட்டம் நம்மை எப்படி நடத்துகிறது என்பதுதான் முதல் கேள்வி. அவசரத்துக்குப் பணம் கைக்கு வருமா என்பதை அதற்கு அடுத்துத்தான் பார்க்க வேண்டும். வட்டி மூன்றாவது இடத்துக்கு வந்தால் போதும். கடைக் கணக்கில் நான் கற்ற பாடமும் இதுதான்: வியாபாரத்தில் இருப்பவரை லாபக் குறைவு மெதுவாகத்தான் வருத்தும், ஒரு தவணை தவறியதால் வரும் சிக்கல் உடனே வருத்திவிடும்.

மாமியாரின் யோசனையிலிருந்து தொடங்குகிறேன். அவர் முப்பது ஆண்டுகளாகச் சீட்டுப் போடுபவர். நாத்தனார் கல்யாணம் சீட்டுப் பணத்தில்தான் நடந்தது. வீட்டில் இருக்கும் தையல் இயந்திரமும் சீட்டில் வந்ததே. "சாமி, போஸ்டாபீசுல போட்டா அது அஞ்சு வருசத்துக்கு அவங்க பணம். சீட்டுன்னா நமக்கு வேணுங்கறப்ப தள்ளி எடுத்துக்கலாம்" என்பது அவருடைய வாதம். இதில் ஓர் உண்மை இருக்கிறது: சேமிப்பும் கடனும் ஒரே இடத்தில் இருக்கிற ஏற்பாடு சீட்டு.

ஆனால் அந்தக் கடனுக்கு என்ன வட்டி கொடுக்கிறோம் என்பது சீட்டில் வெளியே தெரிவதில்லை. ஆகவே ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டேன். இருபது பேர், மாதம் 5,000, இருபது மாதம், சீட்டுத் தொகை ஒரு லட்சம். முதல் மாதச் சீட்டை நடத்துபவர் எடுத்துக்கொள்கிறார். இரண்டாம் மாதத்தில் 30,000 வரை தள்ளிக் கேட்கிறார்கள், அதாவது அவ்வளவு ரூபாயை விட்டுக்கொடுத்து மீதியை எடுத்துக்கொள்கிறார்கள். தேவை உள்ளவர்கள் எடுத்து முடிக்க முடிக்கத் தள்ளு குறைந்துகொண்டே வந்து, கடைசி மாதத்தில் நடத்துபவரின் கமிஷனான 5,000 மட்டுமே மிஞ்சுகிறது. ஒவ்வொரு மாதமும் கமிஷன் போக மிச்சத் தள்ளு இருபது பேருக்கும் பிரிகிறது. அந்த அளவுக்குத் தவணை குறைகிறது.

இந்தக் கணக்கில் ஒவ்வொருவரும் இருபது மாதத்தில் மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 88,100 ரூபாய். கடைசியில் எடுப்பவருக்குக் கிடைப்பது 95,000. ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் வட்டி கிடைத்ததற்கு அது சமம். அஞ்சலகமோ வங்கியோ அவ்வளவு தருவதில்லை. ஐந்தாம் மாதத்திலேயே அவசரத்துக்கு எடுத்தவரைப் பாருங்கள். அவர் கைக்கு வந்தது சுமார் 74,200 ரூபாய். அதற்குள் 20,400 கட்டியிருந்தார். ஆக, அவர் உண்மையில் கடனாக வாங்கியது ஏறக்குறைய 54,000 மட்டுமே. அதற்கு ஈடாக அடுத்த பதினைந்து மாதத்தில் 67,700 கட்டுகிறார். வட்டியாக மாற்றினால் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாயை நெருங்குகிறது. மூன்று வட்டிக்குக் கடன் வாங்கு என்று சொன்னால் மாமியாரே வேண்டாம் என்பார்; அதே கடன் சீட்டின் பெயரில் வந்தால் அது சேமிப்பாகத் தோன்றிவிடுகிறது.

ஆகவே ஏலச்சீட்டு, பணம் தேவைப்படாமல் கடைசிவரை காத்திருக்கக் கூடியவருக்கு நல்லது. அவசரக்காரருக்கு விலை மிகுந்தது. எங்கள் வீட்டில் கடைசிவரை காத்திருக்க முடியும் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

கட்ட முடியாத மாதத்தில் என்ன ஆகும்? பதிவு பெற்ற நிறுவனத்தின் சீட்டாக இருந்தால், அந்த மாதத் தள்ளில் வர வேண்டிய பங்குத் தொகை கிடைக்காமல் போகலாம்; தாமதத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டி வரலாம்; சீட்டை எடுத்த பிறகு தவறினால் ஜாமீன் கையெழுத்துப் போட்டவரிடம் போவார்கள். தெருச் சீட்டில் எழுத்தில் அபராதம் எதுவும் இல்லை. ஆனால் மாலையில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சீட்டு நடத்துபவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு முதலாவது அபராதமே மேல்.

பதிவு பெற்றதா, பெறாததா என்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. சீட்டு நிதிச் சட்டம் 1982-ஆம் ஆண்டினுடையது. அதன்படி சீட்டு நடத்துபவர் முன் அனுமதி பெற வேண்டும், சீட்டுப் பதிவாளரிடம் பதிய வேண்டும், பிணைத் தொகை வைக்க வேண்டும், உறுப்பினருக்கு ஒப்பந்தத்தின் நகலைத் தர வேண்டும். நடத்துபவரின் கமிஷனுக்கு இருந்த 5 சதவீத உச்சவரம்பு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 7 சதவீதமாக உயர்ந்தது. 7 சதவீதக் கமிஷனும் அந்தக் கமிஷன்மீதான ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால், நான் மேலே சொன்ன 10 சதவீத வருமானம் கணிசமாகக் குறையும். கமிஷன் குறைவு என்பதால்தான் பலர் தெருச் சீட்டுக்குப் போகிறார்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் எங்களுக்கு அடுத்த தெருவில் சீட்டு நடத்திய ஒருவர் ஒரு நாள் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். மாமியார் பதினோரு மாதம் கட்டியிருந்தார். கையில் இருந்த ஆதாரம், அவரே பென்சிலால் குறித்து வைத்த ஒரு சின்ன நோட்டு மட்டுமே. அதன் பிறகும் அவர் சீட்டை நம்புகிறார் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. வங்கிப் படிவத்தை நிரப்பத் தெரியாதவருக்கு முப்பது ஆண்டுகளாகக் கதவைத் திறந்து வைத்திருந்தது சீட்டு ஒன்றுதான்.

அடுத்தது நகைச் சீட்டு. பதினோரு மாதம் கட்டிவிட்டு நகை எடுக்கும் முறை இங்கே பெரும்பாலான கடைகளில் பழக்கத்தில் இருக்கிறது. பதினோரு மாதம் என்று ஏன் வைத்தார்கள் என்றால், 2014-ஆம் ஆண்டு வந்த நிறுவன வைப்பு விதிகளின்படி, பொருளுக்காக ஒரு நிறுவனம் வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். இல்லையென்றால் அது வைப்புத் தொகையாகக் கருதப்பட்டு, வைப்புக்கு உரிய கட்டுப்பாடுகள் எல்லாம் வந்துவிடும். ஆகவே நாம் நகைச் சீட்டில் கட்டுவது சட்டத்தின் பார்வையில் சேமிப்பே அல்ல. நகைக்குக் கொடுத்த முன்பணம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் கடை தன் பங்காக ஒரு தவணையைப் போட்டுத் தருகிறது; மற்றொன்றில் போனஸ் எதுவும் இல்லாமல் சேதாரத்தைத் தள்ளுபடி செய்கிறது. மாதம் 5,000 வீதம் 55,000 கட்டியதாக வைத்துக்கொள்வோம். முதல் வகையில் 60,000 ரூபாய்க்கு நகை எடுக்கலாம். சேதாரமும் செய்கூலியுமாக 12 சதவீதம், அதன்மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. என்று கணக்கிட்டால், அந்த 60,000-இல் தங்கத்தின் மதிப்பு சுமார் 52,000 மட்டுமே. கடை 5,000 கொடுத்தும், நாம் கட்டிய 55,000-ஐவிடக் குறைவாகத்தான் தங்கம் வீட்டுக்கு வருகிறது. சேதாரமும் செய்கூலியும் முழுவதும் தள்ளுபடியாகும் இரண்டாம் வகையில், ஜி.எஸ்.டி. மட்டும் போக ஏறத்தாழ 53,400 ரூபாய்க்குத் தங்கம் கிடைக்கிறது. போனஸ் என்ற சொல்லைக் கேட்டால் முதல் வகை பெரிதாகத் தெரியும். எடைத் தராசில் இரண்டாவதுதான் தாழ்கிறது.

சீட்டே போடாமல் அதே தொகையை வங்கியில் தொடர் வைப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். 6.7 சதவீத வட்டி என்றால் பதினோரு மாதத்தில் சுமார் 56,800 ஆகும். அதைக் கொண்டுபோய், சலுகை எதுவும் இல்லாமல் அதே நகையை வாங்கினால், தங்கம் 49,300 ரூபாய் மதிப்புக்குத்தான் வரும். மாறாக, 3 சதவீதச் செய்கூலியில் நாணயமாக வாங்கினால் 53,600 வரும். ஆக, கழுத்திலோ காதிலோ போடுவதற்கு நகைதான் வேண்டும் என்ற முடிவு ஏற்கெனவே இருந்தால் நகைச் சீட்டு லாபம். தங்கத்தைச் சேமிப்பாக வைக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால் சீட்டு தேவையில்லை. என் அம்மா இந்த இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறார். நகை போட்டுக்கொள்ளவும் ஆகும், அடகு வைக்கவும் ஆகும் என்பது அவர் பேச்சு. நாணயத்தை அடகு வைப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு, நகைக்கடனோ கூட்டுறவு வங்கியில்கூட ஒரே நாளில் கைக்கு வந்துவிடும், அதன் வட்டி சீட்டைத் தள்ளி எடுப்பதில் உள்ள மறைமுக வட்டியைவிட மிகக் குறைவு என்பதால், அவர் பேச்சை என்னால் முழுவதும் மறுக்க முடியவில்லை.

தங்கத்தில் ஒரு சங்கடம் விலை ஏற்றம். கட்டும் தொகை ரூபாயாகவே நிற்கும் சீட்டில், பதினோரு மாதத்துக்குள் விலை ஏறினால் கடையின் சலுகை எல்லாம் அதிலேயே கரைந்துபோகும். மாதந்தோறும் அன்றைய விலைக்கு எடையாக வரவு வைக்கும் சீட்டில் இந்தச் சங்கடம் குறைவு. விலை இறங்கினால் மட்டும் மனம் வருந்தும். எதில் சேர்ந்தாலும் சேதாரத் தள்ளுபடி எத்தனை சதவீதம் வரை, எந்த வகை நகைக்குப் பொருந்தும், கல் வைத்த நகைக்கு உண்டா என்பவற்றை அட்டையின் பின்பக்கத்தில் படித்துவிட்டுத்தான் முதல் தவணை கட்ட வேண்டும். நகையை எடுக்கும் நாளில், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கட்ட முடியாத மாதத்தில் நகைச் சீட்டு நம்மைத் திட்டுவதில்லை; ஆனால் தவணை தவறினால் சலுகை போய்விடும் என்பது பல கடைகளின் விதி. சலுகை போனால் எஞ்சுவது, வட்டியே இல்லாமல் கடையில் கிடந்த நம் பணம். நடுவில் பணமாகத் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. கடை மூடப்பட்டாலோ, முன்பணம் கொடுத்தவர்களின் வரிசையில் நாமும் ஒருவராக நிற்க வேண்டியதுதான்.

இனி அஞ்சலகத் தொடர் வைப்பு. ஆர்.டி. என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஐந்தாண்டுக் காலம், குறைந்தபட்சம் மாதம் 100 ரூபாய். 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதமானது, காலாண்டுக்கு ஒருமுறை அரசு வட்டியை மறு ஆய்வு செய்தாலும், கணக்குத் தொடங்கிய நாளின் வட்டி ஐந்தாண்டுக்கும் மாறாது. மாதம் 3,000 கட்டினால் 1,80,000 ரூபாய் சுமார் 2,14,100 ஆகிறது. சீட்டின் 10 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான். விதிகளைப் படித்த பிறகே நான் இதன் பக்கம் உறுதியாக வந்தேன்.

தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். எங்கள் 3,000-க்கு ஒரு மாதத்துக்கு 30 ரூபாய்; ஒரு கிலோ தக்காளியின் விலை. தொடர்ந்து நான்கு தவணை தவறினால்தான் கணக்கு நிற்கும். அப்போதும் இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பித்துக்கொள்ளலாம். இதைவிட எனக்குப் பிடித்தது இதன் மறுபக்கம். ஆறு தவணையை முன்கூட்டியே கட்டினால் நூறு ரூபாய்த் தவணைக்கு 10 ரூபாயும், பன்னிரண்டு தவணையைக் கட்டினால் 40 ரூபாயும் கழித்துக்கொள்கிறார்கள். மாதம் 3,000 என்றால் ஆறு தவணைக்கு 300, பன்னிரண்டுக்கு 1,200. தீபாவளிக்கு முன் கூலி அதிகமாக வரும் நாளில் அரையாண்டுத் தவணையைக் கட்டிவிட்டு, மார்கழியில் பட்டறை சும்மா கிடக்கும்போது நிம்மதியாக இருக்கலாம். கொலுசுப் பட்டறைக்காரருக்கென்றே யோசித்து வைத்ததைப் போன்ற விதி இது. ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் நான் கேட்டுப் பார்த்த பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

குறையும் இருக்கிறது, சிறிதல்ல. மூன்றாண்டுக்கு முன் கணக்கை முடிக்க முடியாது. அதன் பிறகு முடித்தாலும் 4 சதவீதச் சேமிப்புக் கணக்கு வட்டிதான். ஓராண்டு ஆகிப் பன்னிரண்டு தவணையும் கட்டிய பிறகு, இருப்பில் பாதி வரை கடன் கிடைக்கும், அதற்கு ஆர்.டி. வட்டியோடு 2 சதவீதம் கூட்டி, அதாவது 8.7 சதவீதம். ஆக, முதல் ஆண்டில் குழந்தைக்குக் காய்ச்சல் முற்றினால் இந்தப் பணம் உதவிக்கு வராது. மாமியார் சொன்ன "அவங்க பணம்" என்ற சொல் முதல் ஆண்டுக்கு மட்டும் முழு உண்மை. வங்கி ஆர்.டி.யில் இந்தப் பூட்டு இவ்வளவு இறுக்கமில்லை. ஓராண்டுக்கும் தொடங்கலாம், சிறிது வட்டியை இழந்து நடுவில் முடிக்கவும் செய்யலாம், 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடும் உண்டு. ஆனால் எளிதில் உடைக்க முடிகிற உண்டியலை எங்கள் வீட்டில் நிச்சயம் உடைப்போம் என்பது எனக்குத் தெரியும். இது என் வீட்டைப் பற்றிய கணிப்பு; மற்றவர்கள் தங்கள் வீட்டை அறிந்து முடிவு செய்யட்டும்.

செல்வமகள் சேமிப்புத் திட்டத்தை மற்றவற்றோடு ஒரே வரிசையில் வைப்பது சரியல்ல. அதன் காலமே வேறு. 2015 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டத்தில் பத்து வயதுக்குள் பெண் குழந்தையின் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டும். பதினைந்து ஆண்டு கட்ட வேண்டும். கணக்குத் தொடங்கி இருபத்தோரு ஆண்டு முடிந்ததும் முதிர்வு. வட்டி 2024 ஜனவரியில் 8.2 சதவீதமானது, வட்டிக்கு வரி இல்லை. ஆர்.டி.யைப் போல் இந்த வட்டி நிலையானதல்ல: தொடங்கிய காலத்தில் 9.1 ஆக இருந்தது, 2020 ஏப்ரலில் 7.6-க்கு இறங்கி மூன்றாண்டு அங்கேயே கிடந்தது. 8.2 சதவீதமே நீடித்தால் மாதம் 1,000 ரூபாய், அதாவது மொத்தம் 1,80,000, முதிர்வில் ஐந்தரை லட்சத்தைத் தாண்டும். இருபத்தோரு ஆண்டு கழித்து ஐந்தரை லட்சம் எதற்குக் காணும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் முகவர்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கட்ட முடியாத மாதத்தை வைத்துப் பார்த்தால் இதுவே எல்லாவற்றிலும் இரக்கமுள்ளது. மாதத் தவணை என்ற கட்டாயமே இல்லை. ஓர் ஆண்டில் 250 ரூபாய் கட்டினால் கணக்கு உயிரோடு இருக்கும். அதுவும் தவறினால் 50 ரூபாய் அபராதம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை எப்போது வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டலாம். ஐந்தாம் தேதிக்குப் பிறகு உள்ள குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி என்பதால், ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிடுவது நல்லது. அவசரத்துக்கு உதவுமா என்றால், உதவாது. மகளுக்குப் பதினெட்டு வயதான பிறகோ பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ படிப்புக்காக இருப்பில் பாதியை எடுக்கலாம். கல்யாணத்துக்காகவும் பதினெட்டுக்குப் பிறகு முடிக்கலாம். மரணம், கொடிய நோய் போன்ற கடும் நிலைகளைத் தவிர, இடையில் பெற்றோரின் சிரமத்துக்கு அதில் இடமில்லை. மகன் மட்டும் உள்ள வீடுகளில் பொன்மகன் என்ற பெயரில் வழங்கும் பொது வருங்கால வைப்பு நிதியைப் பார்க்கலாம், 7.1 சதவீதம், பதினைந்து ஆண்டு.

மற்ற சிலவற்றையும் யோசித்தோம். வெள்ளி ஊரில் இருந்துகொண்டு வெள்ளியை ஏன் வாங்கி வைக்கக் கூடாது என்று அம்மா கேட்டார். கணவர் சிரித்துவிட்டார். கொலுசாக வாங்கினால் அதில் எத்தனை டச் வெள்ளி, அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம், என்பது பட்டறைக்காரருக்குத்தான் தெரியும், விற்கப் போகும்போது அந்த டச்சுக்குத்தான் விலை, செய்த கூலி காற்றில் போகும் என்றார். அவர் பிழைப்பே வெள்ளி விலையைப் பொறுத்து ஏறி இறங்கும்போது சேமிப்பையும் அதிலேயே போடுவது, ஒரே கிளையில் இரண்டு ஊஞ்சல் கட்டுவது என்று எனக்குத் தோன்றியது.

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் சின்ன மாமியார் மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். பழம் பறிக்கும் மாதங்களில் வாரக்கூலி நன்றாக வரும், மற்ற மாதங்களில் வேலை இருந்தால் உண்டு. ஆகவே எங்களைப் போன்ற வரவுதான். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய இந்தக் குழு முறையில் மாதச் சேமிப்பு சிறிது. அதன் பலம் குறைந்த வட்டிக்குக் கிடைக்கும் கடனில் இருக்கிறது. சீட்டில் அவசரத்துக்குத் தள்ளி எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். கூட்டம் நடக்கும் நாளில் எனக்கு விடுப்புக் கிடைக்காது என்பதால் நான் சேரவில்லை. வீட்டருகே குழு இருப்பவர்கள் இதை எளிதில் தள்ளிவிட வேண்டாம்.

கையிலேயே இருக்கட்டும் என்ற கணவரின் யோசனையை நான் கடைசியில்தான் மதிக்கத் தொடங்கினேன். நான்கு திட்டத்திலும் முதல் ஆண்டில் அவசரத்துக்குப் பணம் வராது, அல்லது சீட்டைப் போல மிக விலை கொடுத்து வரும். அந்த ஓட்டையை அடைக்காமல் எதில் சேர்ந்தாலும், முதல் அவசரத்திலேயே கந்துவட்டிக்காரரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே முதல் மூன்று மாத மிச்சமான 18,000 ரூபாயை எந்தத் திட்டத்திலும் போடாமல் வங்கிச் சேமிப்புக் கணக்கில் வைத்தோம். என் பெயரில், ஏ.டி.எம். அட்டையை அரிசிப் பானைக்குள் போட்டு.

நான்காம் மாதத்திலிருந்து 6,000 ரூபாயை மூன்றாகப் பிரித்தோம். 3,000 அஞ்சலக ஆர்.டி.க்கு. உரிமைத்தொகையாக வரும் 1,000 அப்படியே செல்வமகளுக்கு. அது வேறெங்கும் போகாமல் மகளுக்கே போவது எனக்கு நியாயமாகப் படுகிறது. 2,000 நகைச் சீட்டுக்கு, அதுவும் பதினோரு மாதத்துக்கு மட்டும். மகளுக்குக் காதுகுத்து வருகிறது. தோடு தாய்மாமன் சீராக என் தம்பி கொண்டுவருவான்; நாங்களும் ஏதாவது போட வேண்டும்; நாணயத்தைக் குழந்தையின் விரலில் மாட்ட முடியாது. சேதாரத் தள்ளுபடி உள்ள சீட்டாகத்தான் சேர்ந்தோம். காதுகுத்து முடிந்ததும் அந்த 2,000-க்குத் தனியாக இன்னொரு ஆர்.டி. தொடங்குவதா, தங்கமாகவே தொடர்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம். ஏலச்சீட்டில் நாங்கள் சேரவில்லை. மாமியார் தன் பூக்கட்டும் வருமானத்தில் போடும் சிறு சீட்டை நிறுத்தச் சொல்லவும் இல்லை. பதிவு பெற்ற இடத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னோம், மாற்றிக்கொண்டார்.

புரட்டாசியில் கணவருக்கு நல்ல கூலி வந்தது. ஆறு தவணையை ஒன்றாகக் கட்டப் போனேன். 18,000-இல் 300 ரூபாயைக் கழித்துக்கொண்டு 17,700 மட்டும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பாஸ் புத்தகத்தை மாமியாரிடம் காட்டி விவரத்தைச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தவர், "முன்னூறு ரூவா தள்ளியா குடுத்தாங்க? அப்ப இதுவும் தள்ளுச் சீட்டுதான சாமி, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.